பால் மறக்கடிக்கும்போது பிள்ளைக்கு எவ்வளவு பால் போதும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் இளம் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார். மகனுக்கு 15 மாதம். பிறந்ததிலிருந்து தாய்ப்பால்தான், பாட்டில் பழக்கமே இல்லை. அடுத்த மாதம் பேக்டரி வேலைக்குத் திரும்ப வேண்டும், பகலில் பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்வார். கப்பில் பசும்பால் கொடுத்துப் பார்த்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவிடுகிறான். "தாய்ப்பாலை நிறுத்தினால் பிள்ளைக்குப் பால் போதாமல் போய்விடுமா, ஒரு நாளைக்கு எத்தனை மில்லி உள்ளே போக வேண்டும், குடிக்கவே மாட்டேன் என்றால் என்ன செய்வது?" இதுதான் அவர் கேள்வி. டின் பாலை, அதாவது சீனி சேர்த்துச் சுண்டக் காய்ச்சி டின்னில் அடைத்த பாலை, சுடுதண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் கொடுத்தால் மடமடவென்று குடிப்பான் என்று மாமியார் சொல்கிறாராம்.

தங்கச்சி, நான் அரசாங்க கிளினிக்கில் தாய் சேய் பிரிவில் மிசியாக (நர்ஸாக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

தாய்ப்பால் குடிக்காத 6 முதல் 24 மாதப் பிள்ளைகளுக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மீன், முட்டை, கோழி, ஈரல் போன்றவை பிள்ளையின் சாப்பாட்டில் ஒழுங்காக இருந்தால் ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லி பால் போதும் என்கிறது அது. சைவ வீடு, அல்லது மீனும் முட்டையும் எப்போதாவதுதான் என்றால் 300 முதல் 500 மில்லி. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்று ஏறத்தாழ 200 மில்லி பிடிக்கும். அப்படியென்றால் ஒரு நாள் முழுவதற்கும் இரண்டு டம்ளர் கணக்குத்தான். தயிராகவும் கஞ்சியில் கலந்தும் உள்ளே போகிற பாலையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2 முதல் 3 கப் என்று சொல்வதைப் படித்திருப்பீர்கள். அவர்களுடைய கப் 240 மில்லி, ஆக 480 முதல் 720 வரை வரும். இரண்டையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். 300-க்கும் 500-க்கும் நடுவில் எங்காவது நின்றால் உங்கள் பிள்ளைக்கு நிறைவு. 700-ஐ எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது.

சுண்ணாம்புச் சத்தை வைத்துப் பார்த்தாலும் இது சரியாகவே வரும். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் கால்சியம் தேவை. பசும்பால் 100 மில்லியில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் இருக்கிறது. இரண்டு டம்ளரிலேயே 480 வந்துவிடுகிறது, மீதியைக் கீரையும் நெத்திலியும் பார்த்துக்கொள்ளும்.

"தாய்ப்பால் எவ்வளவு குடித்தானோ அவ்வளவு பசும்பால் கொடுத்தால்தானே ஈடாகும்?" என்று பல தாய்மார் நினைக்கிறார்கள். கவலை தொடங்குவது இந்த எண்ணத்திலிருந்துதான். இரண்டாம் வயதில் ஒரு பிள்ளை சராசரியாக ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவு தாய்ப்பால் குடிக்கிறது. அதிலிருந்து 350 கலோரி போலக் கிடைக்கும். அந்த வயதுக்கு மொத்தத் தேவை 900 கலோரி போல. இப்போதே பாதிக்கு மேல் அவன் சோற்றிலிருந்தும் பழத்திலிருந்தும்தான் எடுத்துக்கொண்டிருக்கிறான். தாய்ப்பாலை முழுக்க நிறுத்தி 400 மில்லி பசும்பால் கொடுத்தால் 260 கலோரி திரும்பி வந்துவிடும். மிச்சம் இருக்கும் குறை ஒரு முட்டையும் சின்ன வாழைப்பழத்தில் பாதியும்தான். ஆகவே பால் மறக்கடிக்கும் காலத்தில் தாய் கவனிக்க வேண்டியது பாட்டிலில் உள்ள அளவுக் கோட்டைக் காட்டிலும் தட்டில் உள்ள சாப்பாட்டை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு மூன்று நான்கு வேளைச் சாப்பாடு என்றால், நிறுத்திய பிள்ளைக்கு நான்கு ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டுப் பிசைந்தால் அதிலேயே 45 கலோரி கூடிவிடும். சின்ன வயிற்றுக்கு இது பெரிய உதவி.

இதற்கு நேர்மாறான ஆபத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். என் வேலைக் காலத்தில் பால் போதாமல் மெலிந்த பிள்ளைகளைக் காட்டிலும், பால் அதிகமாகி வெளுத்துப்போன பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்தேன். கன்னம் உப்பி, கொழுகொழுவென்று இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சுவார்கள். கீழ்க் கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இருக்காது. விசாரித்தால் காலையில் ஒரு பாட்டில், பத்து மணிக்கு ஒன்று, தூங்க ஒன்று, எழுந்ததும் ஒன்று, இரவில் இரண்டு என்பார்கள். சோறு இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்கிறதாம். வயிறு பாலாலேயே நிறைந்திருந்தால் எப்படி வேண்டும் என்று சொல்லும்? பசும்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. பாலின் கால்சியம், மற்ற உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதையும் தடுக்கும். போதாததற்கு மலச்சிக்கலும் வரும். இரும்பு குறைவது மூளை வேகமாக வளரும் வயதில் நடக்கிறது என்பதால் இதை லேசாக விட முடியாது. பிள்ளைக்குத் தேத்தண்ணியில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கும் பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. தேயிலையும் இரும்பைச் சேரவிடாது. அதை அடியோடு விட்டுவிடுங்கள்.

அதனால் பால் எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகு, அல்லது இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில். சோறு ஊட்டுவதற்கு ஒரு மணி நேரத்துக்குள் பால் வேண்டாம். தாகம் எடுத்தால் ஆறவைத்த தண்ணீர் கொடுங்கள்.

இனி, எந்தப் பால்? ஒரு வயது தாண்டிவிட்டதால் சாதாரணப் பசும்பாலே போதும். கடையில் குளிர்ப்பெட்டியில் இருக்கும் பால், அல்லது அலமாரியில் இருக்கும் யூஎச்டி (அதிகச் சூட்டில் பதப்படுத்திய) பெட்டிப் பால், எதுவாக இருந்தாலும் ஃபுல் கிரீம் என்று போட்டிருக்க வேண்டும். மலாயில் 'சூசு பெனுஹ் கிரிம்' என்று இருக்கும். கொழுப்பு குறைத்த பால் இரண்டு வயதுவரை வேண்டாம், அந்தக் கொழுப்பு அவனுக்குத் தேவை. யூஎச்டி பாலைக் காய்ச்ச வேண்டியதில்லை. திறந்த பிறகு ஐஸ்பெட்டியில் வைத்து, பெட்டியில் போட்டிருக்கும் நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஃபுல் கிரீம் பால் மாவும் நல்லதுதான், பையில் எழுதியிருக்கும் அளவுப்படி கரைத்தால்.

நம் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் மாடு வளர்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், காலையில் மோட்டாரில் பால் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். அந்தப் பால் நல்ல பால். ஆனால் பொங்கி வரும்வரை காய்ச்சாமல் ஒரு சொட்டுக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். கறந்த பாலில் மாட்டுக்குள்ள நோய்க்கிருமிகள் வரலாம். "கெட்டிப் பால் செரிக்காது" என்று தண்ணீர் கலப்பதும் வேண்டாம், ஒரு வயதுக்கு மேல் அதற்குத் தேவையில்லை, சத்துதான் குறையும். ஆட்டுப்பாலும் காய்ச்சிக் கொடுக்கலாம். அதில் ஃபோலேட் என்ற சத்து குறைவு, அதனால் பருப்பும் கீரையும் தவறாமல் தட்டில் இருக்க வேண்டும்.

ஒன்று முதல் மூன்று வயதுக்கு என்று டின்னில் விற்கும் வளர்ச்சிப் பால் மாவு இல்லாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயந்து, சம்பளத்தில் பெரும்பகுதியை அதில் போடும் குடும்பங்களை நான் அறிவேன். உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 12 முதல் 23 மாதப் பிள்ளைக்கு விலங்குப் பாலே போதும், அந்த வகை மாவுகளைப் பரிந்துரைக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் காசில் முட்டையும் மீனும் பழமும் வாங்குங்கள். மருத்துவர் ஏதாவது காரணத்துக்காகக் குறிப்பிட்ட மாவைக் கொடுக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அவர் சொன்னபடி செய்யுங்கள்.

டின் பால் விஷயத்துக்கு வருகிறேன். மாமியார் மேல் கோபப்படாதீர்கள். அவர் வளர்ந்த காலத்தில் தாய்மார் விடிவதற்கு முன் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போவார்கள், பிள்ளை ஆயா பார்த்துக்கொள்ளும் தோட்டத்துக் கொட்டகையில் கிடக்கும். தோட்டத்துக் கடையில் கடனுக்குக் கிடைத்தது டின் பால். வேறு வழியில்லாத வீட்டில் அதுவே பிள்ளைப் பால் ஆனது. ஆனால் அந்த டின்னில் கிட்டத்தட்ட பாதி சீனி. இப்போது கடையில் 'கிரிமர் மானிஸ்' (இனிப்புக் கிரீமர்) என்று எழுதி விற்பவை பலவற்றில் பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய்தான் இருக்கிறது. தண்ணீரில் கரைத்தால் சீனித் தண்ணீரும் எண்ணெயும், பால் என்று சொல்ல அதில் மிகக் கொஞ்சம். பிள்ளை மடமடவென்று குடிப்பதற்கும் அந்தச் சீனியே காரணம். ஒருமுறை நாக்கு அதற்குப் பழகிவிட்டால் பிறகு வெறும் பாலைக் குடிக்க வைப்பது மிகக் கடினம்.

இதை இன்று புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930களில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வேலை பார்த்தார். பிற்பாடு உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராக இருந்தவரும் அவரே. டின் பால் கொடுத்து வளர்த்த ஏழைக் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பார்த்துப் பொறுக்காமல், 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மேடையேறி, குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கத் தூண்டுவது கொலைக்குச் சமம் என்று பேசினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஊரின் பெரிய வியாபாரிகள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழும். 15 மாதப் பிள்ளை ஒரு கரண்டி டின் பாலால் செத்துவிடாது, பயமுறுத்தவில்லை. ஆனால் தாய்ப்பாலுக்குப் பதிலாக வைக்க அது ஏற்றதில்லை. மைலோவும் அப்படியே. பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) வாங்கும் சோயா பாலில் சீனி அதிகம், கால்சியமும் சேர்த்திருக்காது. பசும்பாலுக்கு ஈடாக அதை எண்ண வேண்டாம்.

மறக்கடிக்கும் முறைக்கு வருவோம். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: முழுக்க நிறுத்தத்தான் வேண்டுமா? வேலைக்குப் போவதால் மட்டும் நிறுத்துகிறீர்கள் என்றால் தேவையே இல்லை. காலையில் கிளம்பும் முன் ஒருமுறை, வேலை முடிந்து வந்து ஒருமுறை கொடுத்தால் போதும். நடுவில் வரும் வேளைகளை மட்டும் நிறுத்திவிட்டால் உடம்பு ஓரிரு வாரத்தில் அந்தக் கணக்குக்குப் பழகிக்கொள்ளும். இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. இரண்டு வேளை தாய்ப்பால் தொடர்ந்தால் பகலில் ஒரு டம்ளர் பசும்பாலும் கொஞ்சம் தயிரும் தாராளம். ஷிப்டு மாறும் வாரத்தில் நேரம் மாறினாலும் பரவாயில்லை. முடிவு உங்களுடையது. போதும் என்று உங்கள் மனசு சொன்னால் அதிலும் தவறில்லை, 15 மாதம் கொடுத்திருக்கிறீர்கள்.

எப்படியானாலும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கையில் ஒரு மாதம் இருக்கிறது, அது போதும். பிள்ளை அவ்வளவாகத் தேடாத வேளை எது என்று பாருங்கள், பெரும்பாலும் காலை பத்து மணி அல்லது மத்தியானம். முதலில் அதை விடுங்கள். அந்த நேரம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே சாப்பிட ஏதாவது கொடுத்து, கப்பில் பாலும் கொடுத்து, வெளியே கூட்டிப் போய் கோழியையோ பூனையையோ காட்டுங்கள். ஐந்து ஆறு நாள் போகட்டும். உங்களுக்கும் மார்பு கட்டவில்லை, அவனும் அழவில்லை என்றால் அடுத்த வேளையை எடுங்கள். தூங்கப் போகும் முன் குடிப்பதும் விடியற்காலையில் குடிப்பதும் கடைசி. அவை பசிக்காக மட்டும் குடிப்பவை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நீங்களாகக் கொடுக்க வேண்டாம், அவனாக வந்து கேட்டால் மறுக்கவும் வேண்டாம். இப்படி இருந்தாலே சில பிள்ளைகள் தாங்களாகக் குறைத்துக்கொள்ளும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஊசி போட்ட அடுத்த இரண்டு நாள், வீடு மாறும் வாரம், தைப்பூசத்துக்கு ஊர் ஊராகப் போகும் நாட்கள், இவற்றில் தொடங்காதீர்கள். நடுவில் நோய் வந்தால் இரண்டு படி பின்னால் போனாலும் நஷ்டமில்லை.

மார்பில் கசப்பு தடவும் பழக்கம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கற்றாழை, வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள். பிள்ளை அரண்டுபோய் ஒரே நாளில் விட்டுவிடும், ஆனால் காரணம் புரியாமல் அழும். அதை நான் விரும்புவதில்லை. வேப்பெண்ணெய் என்றால் விருப்பம் விருப்பமின்மை என்ற பேச்சே இல்லை, அது ஆபத்து. வேப்பெண்ணெய் உள்ளே போன சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்களே 1981-இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பூசுவதற்கு என்றாலும் அந்தப் பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ கட்டுவது வேறு. அது பிள்ளையை ஒன்றும் செய்யாது. புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து, பால் வற்ற வைக்கும் மாத்திரைக்கு ஈடாக அது வேலை செய்ததாக 1988-இல் எழுதினார்கள். பாட்டிமார் சொன்னதில் விஷயம் இருந்திருக்கிறது. நீங்கள் மெதுவாகக் குறைத்தால் அதுவும் தேவைப்படாது.

மார்பு கனத்து வலித்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சிவிடுங்கள். முழுக்க எடுத்தால் உடம்பு இன்னும் சுரக்கும். ஈரத்துணியைக் குளிர வைத்து ஒற்றலாம். துணியால் இறுக்கிக் கட்டுவது வேண்டாம். ஒரு இடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். இந்த நாட்களில் காரணமில்லாமல் அழுகை வரலாம், மனம் கனக்கலாம். சுரப்புகள் மாறுவதால் வருவது அது. இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் அதையும் மிசியிடம் சொல்லுங்கள், சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

கப்பில் குடிக்க மாட்டேன் என்கிறான் என்றீர்கள். பாட்டில் பழகவில்லை என்று நீங்கள் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ அது மகிழ்ச்சி. பாட்டிலுக்குப் பழக்கி மறுபடி அதை மறக்கடிக்கும் வேலை உங்களுக்கு மிச்சம். நேராகச் சின்ன டம்ளருக்கே போகலாம். முதலில் 30 மில்லி, இரண்டு வாய்தான். வெதுவெதுப்பாக இருக்கட்டும், உங்கள் பால் அந்தச் சூட்டில்தான் அவனுக்குப் பழக்கம். பீய்ச்சிய தாய்ப்பால் மூன்று பங்கு, பசும்பால் ஒரு பங்கு என்று கலந்து தொடங்கி, சில நாளில் பாதிப் பாதி, பிறகு முழுப் பசும்பால் என்று மாற்றுங்கள். சீனி சேர்க்காதீர்கள். கொடுப்பது நீங்களாக இல்லாமல் இருப்பது நல்லது. உங்கள் மடியில் உட்கார்ந்தால் அவனுக்கு உங்கள் வாசனை வரும், கப்பை ஏன் தொடுவான்? மாமியாரோ கணவரோ கொடுக்கட்டும், நீங்கள் அந்த நேரம் துணி காயப்போடப் போய்விடுங்கள். மாமியார் தன் டம்ளரில் குடித்துக்கொண்டே அவனுக்கும் ஒன்று கொடுத்தால் பார்த்துக் குடிப்பான். மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள், ஒருமுறை புரையேறினால் அந்தக் கப்பையே வெறுத்துவிடுவான்.

இத்தனைக்கும் பிறகு ஒரு வாரம் பாலைத் தொடவே இல்லை என்றால்? அப்போதும் பிள்ளைக்குப் பால் உள்ளே போக வழி இருக்கிறது. காலையில் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து வேகவைத்து, இறக்கும்போது 100 மில்லி பால் ஊற்றுங்கள். கேழ்வரகிலேயே கால்சியம் நிறைய, 100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல். மத்தியானம் தயிர்ச் சோறு, அதில் அரை டம்ளர் தயிர். சாயங்காலம் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை 100 மில்லி பால் விட்டு மசித்துக் கொடுங்கள். ஒரு வாய்கூடக் குடிக்காமல் 300 மில்லி போய்விட்டது பாருங்கள். தவ்ஹூவை (சோயாக் கட்டியை) முட்டையோடு பொரித்துக் கொடுக்கலாம். நெத்திலியை ஊறவைத்து உப்பைப் போக்கி, வறுத்து, நைசாகப் பொடித்துச் சோற்றில் தூவலாம். முள்ளோடு சேர்ந்து போவதால் கால்சியம் நன்றாகக் கிடைக்கும், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். முருங்கைக்கீரை, பருப்பு, முட்டையின் மஞ்சள் கரு, வாரத்தில் ஒருமுறை கோழி ஈரல், இவை இரும்புக்கு. சாப்பிட்டதும் ஒரு துண்டு பப்பாளியோ நன்றாகப் பழுத்த கொய்யாவோ கொடுங்கள், விதையை எடுத்துவிட்டு. கீரையின் இரும்பு அப்போதுதான் நன்றாகச் சேரும்.

பால் குடித்தவுடன் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், விடாத வாந்தி, மலத்தில் இரத்தம் என்று ஏதாவது வந்தால் அது வேறு விஷயம். பசும்பாலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இரவு பற்றி மாமியாரிடமும் கணவரிடமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தொட்டிலில் பிள்ளையைப் போட்டு, வாயில் பாட்டிலைச் செருகித் துணியால் முட்டுக் கொடுத்துவிட்டு ஆட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தூக்கத்தில் பால் வாயில் தேங்கினால் முன் பற்கள் நான்கும் அரித்துக் கருத்துவிடும், புரையேறும் ஆபத்தும் உண்டு. கடைசிப் பாலைத் தொட்டிலுக்குப் போகும் முன் உட்கார வைத்துக் கொடுத்து, பல் துடைத்துவிட்டுப் படுக்கப் போடுங்கள். நடு இரவில் எழுந்தால் தண்ணீர் கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். முதல் மூன்று நாள் இரவு கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த இரவுகளில் கணவர் எழுந்து பார்த்துக்கொண்டால் நல்லது, உங்களைப் பார்த்தால் பால் ஞாபகம் வந்துவிடும்.

போதுமான பால் போகிறதா என்பதைப் பிள்ளையே காட்டுவான். ஒரு நாளில் நான்கு முதல் ஆறு முறை வெளிர் நிறத்தில் சிறுநீர் போகிறான், விளையாடுகிறான், வாய் ஈரமாக இருக்கிறது, எடை கிளினிக் புத்தகத்தில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் மெதுவாக ஏறுகிறது என்றால் அவன் நன்றாக இருக்கிறான். இரண்டாம் வயதில் ஆண்டுக்கே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். முதல் வயதில் ஏறியதுபோல ஏறவில்லையே என்று பதற வேண்டாம், பசியும் அப்போதைவிடக் குறையும். ஒரு நாள் ஒன்றும் சாப்பிடாமல் மறுநாள் இரண்டு மடங்கு சாப்பிடுவான். ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகிக் குறைந்தாலோ, சோர்ந்து படுத்தே கிடந்தாலோ, எடை இறங்கினாலோ காத்திருக்காமல் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இதைப் படிக்கும் வேறு தாய்மாருக்கு: ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். அந்த வயதில் தாய்ப்பால் நின்றால் குழந்தைக்கான ஃபார்முலா பால் பற்றி மிசியிடமோ மருத்துவரிடமோ கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மாமியாரை எதிர்த்துப் பேசுவதைவிட, இன்னும் நீங்கள் வீட்டில் இருக்கும் நாட்களிலேயே கேழ்வரகுக் கஞ்சியையும் கப்புப் பாலையும் அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அவன் அவர் கையில் குடித்துவிட்டால் டின் பால் பேச்சு தானாக நின்றுவிடும். முடிந்தால் 18-ஆம் மாத ஊசிக்கு அவரையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், மிசி சொன்னால் கேட்பார். பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை எடுத்துப் போய் எடையையும் உயரத்தையும் கோட்டில் குறித்துக் காட்டச் சொல்லுங்கள், வெளுத்திருக்கிறானா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முந்தின நாள் காலையிலிருந்து இரவுவரை அவன் என்னென்ன சாப்பிட்டான், எத்தனை டம்ளர் குடித்தான் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மிசி அதை வைத்தே எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்.